வயிற்றுக்குள் ஒன்பது வயது

ரேஷன் கடையில் புது அரிசி போட்ட அன்றைக்கு, போன மாதத்து அரிசியே வீட்டு டிரம்மில் முக்கால்வாசி கிடக்கிறதே, இதை எதில் கொட்டி வைப்பது என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கவலை வந்து, அந்தக் கவலையின் சுகத்தில் தன்னை மறந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான், சீனித்தாயின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை, "யம்மா, பசிக்கு" என்று அழுதது. அழுகை தெளிவாகக் கேட்டது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "யார் வீட்டுப் பிள்ளைம்மா அது, ஏதாவது வாங்கிக் குடுங்க" என்றார். ஒருத்தி தன் கையிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். வாங்கிக்கொள்ள அங்கே எந்தப் பிள்ளையும் இல்லாததால் சீனித்தாய் வாங்கினாள். அழுகை தன் தொப்புளுக்கு நாலு விரற்கடை மேலேயிருந்து வருவது தெரிந்ததால் அவளே தின்றாள். தின்று முடித்ததும் அழுகை நின்றது.

அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு, எடை நாற்பத்துநாலு கிலோ. சாத்தூருக்குத் தெற்கே, மழையை நம்பிப் பார்த்துச் சலித்துத் தீக்குச்சியை நம்பத் தொடங்கிய கரிசல் ஊர்களில் ஒன்று மேட்டுக்கரிசல்பட்டி. அதன் கீழ்க்கோடியில், காலனியில், அவள் வீடு. புருஷன் குருசாமி லாரியில் வடக்கே போகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான், அந்த நாலு நாளும் தூங்குவான். மகள் கௌசல்யா எட்டாம் வகுப்புப் படித்தாள். சீனித்தாய் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். நல்ல பெண், யாரிடமும் ஒன்றும் கேட்காதவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர். ஒன்றும் கேட்காத ஏழையைத்தான் எந்த ஊரும் நல்லவள் என்று சொல்லும்.

முதல் வாரம் ஊர், ஊர் செய்வதைச் செய்தது. முப்பத்தெட்டு வயதில் மறுபடி உண்டாகியிருக்கிறாள், பிள்ளை அவசரக்காரப் பிள்ளை, வெளியே வருமுன்னே பேசுகிறது என்று ஒரு கட்சி சொன்னது. செல்போனை விழுங்கிவிட்டாள் என்று இன்னொரு கட்சி சொன்னது. கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் உடுக்கை அடித்து, காது வைத்துக் கேட்டு, மறுபடி அடித்து, "இது பேயும் இல்ல, சாமியும் இல்ல. இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. இதை விரட்ட எனக்கு உரிமை கிடையாது" என்று சொல்லி, வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அடுத்த வீட்டு வெயிலுகந்தாள்தான் அது என்னவென்று கண்டுபிடித்தவள். அவளும் சீனித்தாயும் ஒரே வயது, சின்னப் பிள்ளையில் ஒரே பஸ்ஸில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். அந்த ஊர்களில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவது அங்கே பிள்ளைகளின் வேலை. விடியுமுன்னே பஸ் வந்து ஹார்ன் அடிக்கும், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். வெயிலுகந்தாள் பருத்திப்பால் தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தபோது வயிற்றுக்குள் பிள்ளை தூக்கக் கலக்கத்தில், "பஸ் வந்துட்டா? எனக்கு இன்னும் ரெண்டு சட்டம் குச்சி அடுக்கணும்" என்றது.

வெயிலுகந்தாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "ஏ பிள்ளை, உன் பேர் என்ன?"

"சீனி."

"வயசு?"

"ஒம்பது."

"நீ யாருக்குள்ள இருக்கன்னு தெரியுமா?"

"தெரியாது. யாரோ ஒரு பெரிம்மா. நல்லா இருக்காங்க. கம்மல் போட்டிருக்காங்க."

"இது யார் பெத்ததும் இல்லடி" என்றாள் வெயிலுகந்தாள். "இது நீதான். மூணாங்கிளாஸோட நின்னு என்கூட ஆபீசுக்கு வந்தியே, அந்தச் சீனி. அந்தக் கீச்சுக்குரலை எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு அவள் அழுதாள், ஏன் தன் வயிற்றுக்குள் எதுவும் பேசவில்லை என்றும் சேர்த்துத்தான் அழுதாள்.

விஷயம் தெரிந்தபின் ஊருக்கு நிம்மதியாகிவிட்டது. என்னவென்று தெரியாததைத்தான் ஊரால் தாங்க முடியாது, தெரிந்துவிட்டால் எதையும் தாங்கிக்கொள்ளும். மினிபஸ் கண்டக்டர், உள்ளே இருப்பதற்கு அரை டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று டிப்போவில் கேட்டு வந்தார். மடியில் வைத்திருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை என்று தீர்ப்பாயிற்று. கல்யாண வீடுகளில் சீனித்தாய்க்கு இரண்டு இலை போட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர், படிப்பை நிறுத்திய பிள்ளைகளைத் தேடி வீடுவீடாக வந்தவர், அந்தப் பிள்ளையையும் எழுதிக்கொண்டு போனார். அதனால் ஒரு ஆனி மாதம் முழுக்கச் சீனித்தாய் லேபிள் கட்டோடு மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் வயிற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது. எட்டாம் வாய்ப்பாடு வந்தபோது பிள்ளைக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அது வருவதற்குள் சீனியின் படிப்பு நின்றுவிட்டிருந்தது.

ஆனால் பிள்ளை அழுதது வாய்ப்பாட்டுக்காக இல்லை. காலையில் அழுதது, உச்சிப்பொழுதில் அழுதது, விளக்கு வைத்ததும் அழுதது. அழுகிற பிள்ளைக்குச் சோறு போடாமல் இருக்க சீனித்தாயால் முடியவில்லை. அவள் இட்லி தின்றாள், புளிச்சோறு தின்றாள், சேவு தின்றாள், கருப்பட்டி மிட்டாய் தின்றாள், மீன் வாங்கிய அன்றைக்கு மீன் தின்றாள், ஒவ்வொரு வாய் இறங்கும்போதும் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு "போதுமா சீனி?" என்று கேட்டாள். நாலைந்து வாய்க்குப் பிறகு உள்ளேயிருந்து, "போதும் பெரிம்மா" என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது அவளுக்கு வந்த சந்தோஷம் கௌசல்யாவைப் பெற்ற அன்றைக்குக்கூட வரவில்லை.

ஊரும் கொண்டுவந்து கொடுத்தது. முக்கியமாக மேலத்தெரு. அந்தக் காலத்தில் சீனித்தாயின் அம்மா மேலத்தெரு வீடுகளின் கொல்லைப்புறத்தில் சோறு வடிக்கிற நேரமாகப் பார்த்துச் சட்டியோடு நிற்பாள், வடித்த கஞ்சித் தண்ணீரை மேலேயிருந்து, கை பட்டுவிடாமல், ஊற்றுவார்கள். சோற்றுப் பருக்கை தவறி விழுந்தால் அது அந்த வீட்டின் கவனக்குறைவு. அந்த வீடுகளின் பேரன் பேத்திகள் இப்போது ஸ்கூட்டரில் வந்து, பிறந்தநாள் கேக், காதுகுத்துப் பிரியாணி, தீபாவளி அதிரசம் என்று வாசல் தாண்டி உள்ளே வந்து வைத்துவிட்டு, "பிள்ளைக்குக் குடுங்கக்கா" என்று சொல்லிப் போனார்கள். நல்ல பிள்ளைகள், குற்றம் சொல்ல முடியாது. திரும்பிப் போகும்போது அவர்களுடைய முகம் கோயிலுக்குப் போய்வந்த முகமாக இருந்தது.

எட்டு வருஷம் இப்படிப் போனது. சீனித்தாய் நூற்றாறு கிலோ ஆனாள். முதலில் வளையல் ஏறவில்லை, பிறகு மோதிரம் கழலவில்லை, பிறகு செருப்பின் வார் எட்டவில்லை. கொண்டுவந்து கொடுத்த அதே வாய்கள் டீக்கடையில், "தின்னே தீர்க்கிறா, கட்டுப்பாடு வேண்டாமா" என்று பேசின. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலி முறிந்து அவள் விழுந்தபோது, தூக்கிவிட வந்தவர்களும் சிரித்துவிட்டுத்தான் தூக்கினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து, உடம்பின் எந்தப் பக்கத்தைத் தூக்கி எந்தப் பக்கம் வைத்துப் படுப்பது என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அழுதாள். பிள்ளை உள்ளேயிருந்து, "ஏன் பெரிம்மா அழுறீங்க, யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டது.

நாற்பத்தாறாம் வயதில் சர்க்கரை அவள் வலது கால் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டது. நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்த கௌசல்யா ஓடி வந்து அம்மாவை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, கெட்டிக்காரி. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே உச்சிப்பொழுதாகி, பிள்ளை அழுதது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வயிற்றில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டாள்.

"ஒன்பது வயசு இருக்குமா?"

"ஆமா டாக்டர்."

"சின்ன வயசுல பட்டினி கிடந்த உடம்பு எதையும் நம்பாதும்மா. இன்னைக்குக் கிடைச்சது நாளைக்குக் கிடைக்காதுன்னே நினைச்சு, வந்ததையெல்லாம் பத்திரமா எடுத்து வச்சுக்கும். அது உங்க தப்பு இல்ல. ஆனா இப்படியே போனா ஆறு மாசத்துல கால் போகும். அதுக்கப்புறம் இதயம்." அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினாள். "இந்தப் பிள்ளைக்கு என்கிட்ட மருந்து இல்ல. உங்களுக்கு இருக்கு. ரெண்டு பேரையும் என்னால காப்பாத்த முடியாது."

அவள் எழுதிக் கொடுத்ததைக் கௌசல்யா சுவரில் ஒட்டினாள். காலையில் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், மத்தியானம் ஒரு கிண்ணம் குதிரைவாலி, கீரை, பொழுதுசாய இரண்டு இட்லி. லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து அவளே அளந்து கொடுத்தாள். வாசலில் நின்றுகொண்டு, கேக்கோடு வந்தவர்களைக் கேக்கோடு திருப்பி அனுப்பினாள்.

முதல் நாள் பிள்ளை அழுதது. இரண்டாம் நாள் கத்தியது, சத்தம் மேலத்தெரு வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் கத்த முடியாமல் முனகியது. சீனித்தாய் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பசியில் கிடந்த பிள்ளையை அவளுக்கு ஒருதடவை தெரியும். இரண்டாம் தடவையும் அதே பிள்ளையைப் பட்டினி போடுவது, இந்தத் தடவை தன் கையாலேயே போடுவது, இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஊருக்கும் விளங்கவில்லை. பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடுகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். வெயிலுகந்தாள் பின்பக்க ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலத்தை நீட்டியபோது கௌசல்யா பிடித்துவிட்டாள்.

"பெரியம்மா, உங்களுக்கு எங்கம்மா உயிரோட இருக்கணுமா வேண்டாமா?"

"உங்கம்மாவுக்கு இல்லடி, அந்தப் பிள்ளைக்கு. அது கத்துறது உன் காதுல விழலையா? நீ பசின்னா என்னன்னு பார்த்திருக்கியா?"

"இல்ல, பார்க்கல. பார்க்காம வளர்த்தது எங்கம்மாதான். அவங்களைச் சாகக் குடுத்துட்டு நான் என்ன செய்யட்டும்?"

வெயிலுகந்தாள் முறுக்கைத் திரும்பித் தன் மடியில் கட்டிக்கொண்டாள். "நான் பட்டதை நீ படல தாயி" என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் நாள் காலையில் பிள்ளை அழவில்லை. உச்சிப்பொழுதிலும் அழவில்லை. கௌசல்யா பயந்துபோய் அம்மாவின் வயிற்றில் காது வைத்து, "பாப்பா, பசிக்கா?" என்று கேட்டாள்.

"பசிக்கலக்கா. சாப்பிட்டாச்சு" என்றது பிள்ளை.

இந்தச் சேதி அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. சாப்பிட்டாச்சாம், பசிக்கவில்லையாம். எட்டு வருஷமாகப் போட்ட சோறு சும்மா போகுமா, வயிறு ரொம்பிவிட்டது என்று மேலத்தெருவில் சொன்னார்கள். வெயிலுகந்தாள்கூடக் கோயிலில் ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தாள். அடுத்த ஆறு மாதமும் பிள்ளை அழவில்லை. யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், சாப்பிட்டாச்சு என்றது. சீனித்தாய் பதினெட்டு கிலோ குறைந்தாள், காலில் இருந்த புண் காய்ந்தது, சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். டீக்கடை அவளைப் பாராட்டியது.

சீனித்தாய் மட்டும் சந்தோஷப்படவில்லை. அந்த வார்த்தையை அவளுக்குத் தெரியும். அவள் அம்மா பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான்: அடுத்த வீட்டுக்கு எதற்காவது போகிறபோது அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இலையைப் பார்க்கக் கூடாது, சாப்பிட்டியாத்தா என்று கேட்டால், ஆச்சு என்று சொல்லிவிட வேண்டும். அவர்களும் ஒரு பேச்சுக்குத்தான் கேட்பார்கள். ஆச்சு என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். வீட்டுக்குத் திரும்பி வந்தால், அங்கே இருக்கிற ஒரு சட்டிக் கஞ்சிக்குத் தம்பிகள் மூன்று பேர் காத்திருப்பார்கள். அம்மா கேட்பாள். மாரியக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று சீனி சொல்லுவாள். அம்மா முகத்திலும் அதே நிம்மதி வரும். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவளாக அவள் பஸ் ஏறுவாள்.

இதை நினைத்து நினைத்து, கடைசியில் ஒரு மத்தியானம், லீவில் வந்திருந்த கௌசல்யா அடுப்படியில் இருக்கும்போது, ஒட்டிக்கொண்டிருந்த லேபிளைக் கீழே வைத்துவிட்டுச் சீனித்தாய் மெதுவாகக் கேட்டாள்.

"சீனி, சாப்பிட்டியாத்தா?"

"ஆச்சு பெரிம்மா."

"எங்க சாப்பிட்ட?"

"மாரியக்கா வீட்ல."

"என்ன சாப்பிட்ட?"

ஆச்சு என்று சொன்னபின் யாரும் அந்தப் பிள்ளையிடம் அதுவரை இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. மூன்றாவது கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

"ஒண்ணும் சாப்பிடல பெரிம்மா" என்றது பிறகு.

"எத்தனை நாளா?"

"எப்பவுமே."

"நான் உனக்காக எட்டு வருஷம் தின்னேனே. போதுமா போதுமான்னு கேட்டேனே. நீ போதும்னு சொன்னியே."

"அது எனக்கு வரல பெரிம்மா. வாசம் மட்டும்தான் வரும். சோறு உங்களுக்குப் போயிரும்."

"அப்புறம் ஏன் போதும்னு சொன்ன?"

"நீங்க ஆசையாக் கேட்டீங்க" என்றது பிள்ளை. "போதும்னு சொன்னா உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

நூற்றாறு கிலோவில் ஒரு பருக்கைகூட அதன் வாய்க்குப் போகவில்லை. பிரியாணி போகவில்லை, கேக் போகவில்லை, ரேஷன் கடை வரிசையில் வாங்கித் தின்ற பாதிப் பன் போகவில்லை. முப்பத்தேழு வருஷத்துக்கு முந்திய வயிற்றில் இன்றைக்கு வடித்த சோற்றைக் கொண்டுபோய் வைக்க வழியே கிடையாது என்பது, டாக்டரம்மாவுக்கும் ஊருக்கும் தனக்கும் தெரியாத அந்த விஷயம், உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. சீனித்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தன்மேல் இவ்வளவு இரக்கம் இதற்கு முன் வந்ததே இல்லை.

"பெரிம்மா" என்றது பிள்ளை.

"சொல்லுத்தா."

"நான் பெரியவளா ஆனா எனக்குச் சோறு கிடைக்குமா?"

சீனித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிடைக்கும். நிறையக் கிடைக்கும். மூணு வேளையும் கிடைக்கும்."

"நெல்லுச் சோறா?"

"நெல்லுச் சோறுதான். டிரம் டிரம்மா."

பிள்ளை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது. அதற்கு மேல் கேட்டால் என்ன சொல்வது என்று சீனித்தாய் பயந்துகொண்டிருந்தாள், அது கேட்கவில்லை.

கௌசல்யா கிண்ணத்தில் அளந்த குதிரைவாலியோடு வந்தாள். அம்மாவின் கண் சிவந்திருப்பதைப் பார்த்து நின்றாள். "என்னம்மா, பாப்பா அழுதுச்சா? பசிக்குன்னு சொல்லுதா?"

"இல்ல" என்றாள் சீனித்தாய், கிண்ணத்தை வாங்கிக்கொண்டே. "சாப்பிட்டாச்சாம்."

கௌசல்யாவின் முகத்தில் நிம்மதி வந்தது.